பயனர் பிழை என்று எழுதுகிற பிறேமா

என் மனைவி பிறேமாவின் வேலையிடத்தில் ஒரு முறைப்பாட்டை மூடுவதென்றால், பிழை யாருடையது என்று ஒரு கட்டத்தில் குறிக்க வேண்டும். தெரிவுகள் மூன்று: இயந்திரப் பிழை, நிலையத்தின் பிழை, பயனர் பிழை. பதினோரு வருடமாக அவள் அங்கே குறித்துக்கொண்டிருக்கிறாள். முதலாவதை மின்சாரம் நின்றுபோன ஒன்றிரண்டு நாட்களில் குறித்ததாகச் சொன்னாள். இரண்டாவதை அவள் தொட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. மீதியெல்லாம் பயனர் பிழை.

இந்தப் பழக்கம் அந்த மேசையோடு நின்றிருந்தால் எனக்கென்ன வந்தது, நான் பாட்டுக்கு ஹனோவரில் ட்ராம் ஓட்டிக்கொண்டு இருந்திருப்பேன். அவள் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். பருப்பு அடிப்பிடித்தால் பயனர் பிழை. குடையை விட்டுவிட்டுப் போய் நனைந்து வந்தால் பயனர் பிழை. ஒருநாள் கதிரையின் காலை என் காலின் மேல் வைத்து ஏறி இருந்துவிட்டு, உங்களை யார் காலை அங்கே வைக்கச் சொன்னது என்று கேட்டவள். கலியாணம் கட்டிய ஒன்பது வருடத்தில் "என்னிலதான் பிழை" என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

பிறேமா ஏழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தவள். பள்ளிக்கூடம் முடித்து, மூன்று வருடம் வேலையும் படிப்புமாகக் கணினித் துறையில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்து, ஒரு பல்கலைக்கழகக் கணினி நிலையத்தின் உதவி மேசையில் போய் அமர்ந்தாள். எந்தப் பல்கலைக்கழகம் என்று நான் சொன்னால் வீட்டில் எனக்குச் சோறு கிடையாது, ஆகையால் அதை விடுவோம். அங்கே ஒரு மண்டபம் நிறையக் கணினிகளை ஒன்றாகப் பிணைத்து வைத்திருக்கிறார்கள். கிளஸ்ரர் என்பது அதன் பெயர். உங்கள் வீட்டுக் கணினி ஒரு வருடம் மூச்சு வாங்கிச் செய்கிற கணக்கை அது ஒரு நாளில் முடித்துவிடும். மாணவர்கள் இருந்த இடத்திலிருந்தே அதற்குள் நுழைந்து தங்கள் வேலையை வரிசையில் போடுவார்கள். போட்ட வேலை விழுந்துவிட்டால் பிறேமாவுக்கு எழுதுவார்கள்.

எழுதுவதில் பாதி ஒரே முறைப்பாடு: பைத்தான் மொடியூலைக் காணவில்லை. இது என் மண்டைக்குள் ஏற நாலு வருடம் பிடித்தது, உங்களுக்கு நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதுகிறவர்கள் எல்லாக் கறித்தூளையும் தாங்களே வறுத்து இடிப்பதில்லை. மற்றவர்கள் இடித்து வைத்ததை இறக்கித் தங்கள் அலுமாரியில் அடுக்கிக்கொள்வார்கள். அந்தத் தூள் போத்தல் ஒவ்வொன்றும் ஒரு மொடியூல். கிளஸ்ரரில் ஆளுக்கொரு அலுமாரி உண்டு, மற்றவர்கள் அதைத் தொட முடியாது. வேலை தொடங்கியதும் கணினி போத்தலைத் தேடும். கிடைக்காவிட்டால், இருப்பதை வைத்துச் சமாளிப்போம் என்றெல்லாம் பார்க்காது. அடுப்பை அணைத்துவிட்டு, அப்படி ஒரு மொடியூல் இல்லை என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விடும்.

எங்கள் ஆட்களுக்கு இந்த விபரமெல்லாம் தேவையில்லை. பிறேமாவுக்குக் கணினியில் வேலை என்றால், மின்சாரத்தில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் பிறேமாதான் பொறுப்பு. அச்சுப்பொறி இழுக்கவில்லை, தொலைக்காட்சியில் தமிழ் வரவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு ஆள்மாறி ஆள் வந்து நிற்பார்கள். அவளிடம் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: ரிக்கற் போடுங்கோ. அதாவது முறைப்பாட்டை எழுத்தில் அனுப்புங்கள். எழுதத் தொடங்கினால் பாதிப் பேருக்குத் தங்கள் பிழை தாங்களாகவே தெரிந்துவிடும் என்பது அவள் கட்சி. என் கைத்தொலைபேசி செத்தபோது, சமையலறை மேசையில் எனக்கு எதிரே இருந்தவளுக்கு நான் பழைய மடிக்கணினியைத் திறந்து மின்னஞ்சல் எழுதினேன். கடைசியாக எப்போது சார்ஜ் போட்டீர்கள் என்று பதில் வந்தது.

போன நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. என் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று மூன்று நாளாக உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. கன்னம் வீங்கி, வேலைக்கு லீவு போட்டு, பிறேமாவின் சால்வையால் தாடையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்தேன். அவளுக்கு வியாழன் வீட்டிலிருந்து வேலை செய்கிற நாள், சமையலறை மேசைதான் அலுவலகம். ஒன்பது மணிக்கு அழைப்புமணி அடித்தது. திறந்தால் சிசிலி அக்கா. ஒரு கையில் றோல்ஸ் பெட்டி, மற்றக் கையில் முழங்கை நீளத்தில் ஒரு மெழுகுதிரி.

சிசிலி அக்கா மன்னார்க்காரர். ஒரு வைத்தியசாலைச் சமையலறையில் வேலை. தமிழ்ப் பூசையில் முன் வரிசையில் நின்று, சுவாமியாரைவிடச் சத்தமாகச் செபம் சொல்கிறவர். ஒரே பிள்ளை மிதுசா, பிறேமா வேலை செய்கிற பல்கலைக்கழகத்தில்தான் முதுமாணிப் படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருந்தாள்.

"பிறேமா, பிள்ளையின்ர என்னவோ ஒண்டு காணாமல் போட்டுதாம். சாப்பாடு தண்ணி இல்லை, ஒரே அழுகை," என்றார்.

"என்ன காணேல்லை அக்கா?"

"அந்தப் பேர் எனக்கு வாயில வராது. எதெண்டாலும் காணாமல் போனதெண்டால் அந்தோனியாரிட்டத்தானே கேக்க வேணும். அதான் மெழுகுதிரி கொண்டு வந்தனான். நீ வேலை செய்யுற இடத்தில கொளுத்தினால்தானே அவருக்கு இடம் விளங்கும்."

"அக்கா, அந்தோனியார் பிறகு. முதல் பிள்ளையை ரிக்கற் போடச் சொல்லுங்கோ," என்றாள் பிறேமா.

சிசிலி அக்கா அசையவில்லை. மடிக்கணினிக்குப் பக்கத்தில் மெழுகுதிரியை நட்டுக் கொளுத்தினார். பிறேமா அதை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். சிசிலி அக்கா றோல்ஸ் ஒன்றை என் முன்னால் வைத்தார். நான் என் கன்னத்தைக் காட்டினேன். அவர் என்னை அனுதாபத்தோடு பார்த்துவிட்டு இரண்டாவதையும் வைத்தார்.

அரை மணித்தியாலத்தில் ரிக்கற் வந்தது. வந்த கையோடு மிதுசாவும் தொலைபேசியில் வந்தாள். பல்கலைக்கழகத்தில், தன் ஆய்வுக்கூட அறையில் இருந்தாள். பிறேமா சத்தமாகக் கேட்கும்படி போட்டுத் தொலைபேசியை மேசையில் வைத்தாள்.

"பிறேமா அன்ரி, நாளைக்குக் காலமை எட்டு மணிக்குக் கிளஸ்ரரை நிப்பாட்டப் போறியள் எல்லோ. என்ர வேலைக்கு இருபது மணித்தியாலம் வேணும். பன்னிரண்டு மணிக்கு முதல் தொடங்காட்டி அது என்னை வரிசையில எடுக்காது."

"ஓம், புதன்கிழமை வரைக்கும் பராமரிப்பு வேலை. புதன் பின்னேரம் போடன்."

"ஏலாது அன்ரி. செவ்வாய்க்கிழமை ஆய்வேடு குடுக்க வேணும். ரெண்டு தரம் நாள் நீட்டித் தந்திட்டினம், இனித் தராயினம். இந்த ஒரு கணக்கு இல்லாமல் கடைசி அத்தியாயமே இல்லை. குடுக்காட்டி பெயில். ரெண்டரை வருசம் அன்ரி."

பிறேமா மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒன்பதே முக்கால். நான் வெளியில் போகப் பார்த்தவன், அந்தக் குரலைக் கேட்டதும் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். பல்வலியை ஒரு நிமிடம் மறந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் பிள்ளையை நினைக்கப் பாவமாக இருந்தது.

"கடைசி நேரம் வரைக்கும் என்ன செய்தனீ?"

"திங்கள் போட்டனான், விழுந்தது. செவ்வாய் போட்டனான், விழுந்தது. நேற்று மூண்டு தரம். ஒவ்வொரு தரமும் மொடியூல் இல்லை எண்டு சொல்லுது. போய்த் திரும்ப இறக்கப் பாத்தால், ஏற்கெனவே இருக்கு எண்டு சொல்லுது. ஒரே கிளஸ்ரர், அன்ரி. ஒரு பக்கம் இருக்கு எண்டுது, மற்றப் பக்கம் இல்லை எண்டுது."

பிறேமா கதிரையை முன்னுக்கு இழுத்தாள். இனி அவள் வழமையான மூன்று கேள்விகள் வரும் என்று எனக்குத் தெரியும், நித்திரையிலும் சொல்வேன். எந்தப் பைத்தான், எங்கே வைத்தாய், எங்கிருந்து ஓட்டுகிறாய். ஏனென்றால் கிளஸ்ரரில் பைத்தானே நாலைந்து வகை கிடக்கும். ஒன்றுக்கு இறக்கிய போத்தலை மற்றது எட்டிக்கூடப் பார்க்காது.

மிதுசா ஒவ்வொன்றாகச் சொன்னாள். இறக்குவது தன் மடிக்கணினியிலிருந்து, படிக்கத் தொடங்கிய நாள் முதல் அப்படித்தான். வேலையைப் போடுவது இந்தக் கிழமையிலிருந்து வலைப்பக்கம் வழியாக, பேராசிரியர் அப்படிச் செய்யச் சொன்னதால். தரவும் நிரலும் ஆய்வுக் குழுவின் பொதுக் கோப்புறையில், அது எல்லோருக்கும் தெரியும். பைத்தான் இரண்டு இடத்திலும் ஒரே வகை. பிறேமா தன் பக்கத்தில் சரிபார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

"சரி, மொடியூல் கிடக்கிற இடத்தின்ர முழு விலாசத்தையும் வாசி."

"வீட்டுக் கோப்புறை, பிறகு என்ர நம்பர், பிறகு லோக்கல், பிறகு லிப், பிறகு பைத்தான். உள்ளுக்கு எல்லாம் அடுக்கிக் கிடக்கு."

பிறேமா ரிக்கற்றில் இருந்த நம்பரை வைத்து அந்தப் பயனர் கணக்கைத் தன் திரையில் திறந்து பார்த்தாள். திறந்து பார்க்க மட்டும்தான் அவளுக்கு உரிமை, ஒருவருடைய அலுமாரிக்குள் கைவைக்க முடியாது. பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

"பிள்ளை, உன்ர கோப்புறை வெறுமை. ஒண்டும் இல்லை."

"இருக்கு அன்ரி."

"இல்லை."

"என்ர கண்ணுக்கு முன்னால கிடக்கு. நாப்பத்தேழு மொடியூல் கிடக்கு. எண்ணிச் சொல்லட்டோ?"

இப்படியே அரை மணித்தியாலம் போனது. இருக்கு, இல்லை, இருக்கு, இல்லை. மிதுசாவை வெளியேறித் திரும்ப நுழையச் சொன்னாள், நுழைந்தாள், இருந்தது. இவள் தன் திரையைப் புதுப்பித்தாள், இல்லை. இடையில் சிசிலி அக்கா மெழுகுதிரியை அடுப்படியிலிருந்து மெல்ல மெல்ல நகர்த்தி மேசை விளிம்புக்குக் கொண்டுவந்திருந்தார். பதினொரு மணிக்குப் பிறேமா தொலைபேசியின் ஒலிவாங்கியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இவள் இறக்கவே இல்லை. பயத்தில பொய் சொல்லுறாள். இப்பிடி எத்தினை பேரைப் பாத்திட்டன்."

சொல்லிவிட்டுத்தான் எதிரே தாய் இருப்பது அவளுக்கு நினைவு வந்தது. சிசிலி அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. அவர் எழும்பி நின்றார்.

"பிறேமா, என்ர பிள்ளைக்குச் சமைக்கத் தெரியாது, தேத்தண்ணி போடத் தெரியாது. பொய் சொல்லவும் தெரியாது."

"அக்கா, கொம்பியூட்டரும் பொய் சொல்லாது."

"அப்ப உன்ர கண்ணைப் போய்க் காட்டிப் பாரன்."

பிறேமாவின் சுட்டி, திரையின் கீழே இருக்கிற அந்தக் கட்டத்தின் மேல் போய் நின்றதை நான் பார்த்தேன். பயனர் பிழை. இரண்டு பெண்களுக்கு நடுவில் வீங்கிய கன்னத்தோடு இருக்க எனக்குத் தைரியம் இல்லை. பல் வைத்தியரிடம் அன்றைக்கு எனக்கு ஒரு ரெர்மின், அதாவது நேரம் குறித்த முன்பதிவு, இருந்தது, மணி எத்தனை என்பது மறந்துபோயிருந்தது. கேட்டுவிடுவோம் என்று நடைக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தேன். இரண்டு காதையும் மூடிச் சால்வை கட்டியிருந்தது, ஆகையால் நானும் சத்தமாகக் கேட்கும்படி போட்டேன்.

"அல்பேர்ட் என்ற பெயரில் இன்றைக்கு யாருக்கும் ரெர்மின் இல்லை," என்றாள் வரவேற்பிலிருந்த பெண், நல்ல கணீரென்ற ஜெர்மனில்.

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. செவ்வாய்க்கிழமை நானே நேரில் போய்க் கன்னத்தைக் காட்டி எடுத்த ரெர்மின். என் பத்திரங்களில் பெயர் சவிரிமுத்து அல்பேர்ட் என்று இருக்கும். சவிரிமுத்து என் அப்பர், அல்பேர்ட் நான். ஊரில் தகப்பன் பெயரை முன்னால் போட்டு நம் பெயரைப் பின்னால் போடுவோம். இந்த நாட்டில் முன்னால் நிற்பது ஆளின் பெயர், பின்னால் நிற்பது குடும்பப் பெயர். அதனால் ட்ராம் நிலையத்தில் நான் ஹெர் அல்பேர்ட், அதாவது திரு அல்பேர்ட், என் மனைவி எல்லா இடத்திலும் ஃபிறவு அல்பேர்ட். ஆனால் சில ஜெர்மன்காரருக்கு, அல்பேர்ட் என்பது ஒருவனைக் கூப்பிடுகிற பெயர் என்று படும். அவர்கள் தாங்களாகவே திருத்தி மாற்றிப் போட்டுவிடுவார்கள்.

"சவிரிமுத்து என்று பாருங்கள்," என்றேன்.

"ஓ, ஹெர் சவிரிமுத்து! இருக்கிறது, பதினொன்றரைக்கு."

பாருங்கள், செத்துப் பதினேழு வருடமான என் அப்பருக்கு, கடைசிவரை முப்பத்திரண்டு பல்லோடும் இருந்த மனிதருக்கு, ஹனோவரில் ரெர்மின் இருக்கிறது. வலியில் நெளிகிற எனக்கு இல்லை. அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன்.

நான் நடையில் பேசியது கேட்டிருக்க வேண்டும், சமையலறையிலிருந்து பிறேமாவின் குரல் வந்தது. ஒலிவாங்கியைத் திரும்பத் திறந்திருந்தாள், குரல் மிக மெதுவாக வந்தது.

"பிள்ளை மிதுசா. இப்ப நீ மடிக்கணினியில நிக்கிற நம்பரை ஒருக்கா வாசி."

"என்ர நம்பரோ?"

"ஓம், உன்ர நம்பர்தான். ஒவ்வொரு எழுத்தா வாசி."

மிதுசா வாசித்தாள். பிறேமா ரிக்கற்றில் இருந்த நம்பரைத் தன் விரலால் தொட்டுக்கொண்டு கேட்டாள். நானும் எட்டிப் பார்த்தேன். முதல் எழுத்திலிருந்து கடைசி இலக்கம் வரை ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அவள் வேறொரு பக்கத்தைத் திறந்து இரண்டு நம்பரையும் தட்டினாள். பிறகு சிசிலி அக்காவைப் பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?"

"உனக்குத் தெரியாதோ, இவள் ஒருத்திதானே."

"எங்கட நிலையத்தில உங்களுக்கு ரெண்டு பிள்ளையள். இரட்டைப் பிள்ளையள்."

நடந்தது இதுதான். மிதுசா நாலு வயதில் மன்னாரிலிருந்து வந்தபோது அவள் பத்திரத்திலும் ஊர் முறைப்படி அந்தோனிப்பிள்ளை மிதுசா என்று தகப்பன் பெயர் முன்னால் நின்றது. பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளையை அந்தோனிப்பிள்ளை என்று கூப்பிட்டார்கள், பல்கலைக்கழகத்திலும் அப்படியே பதிந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஜெர்மன் குடியுரிமை கிடைத்தபோது அவள் பெயரைத் திருப்பி மிதுசா அந்தோனிப்பிள்ளை ஆக்கிக்கொண்டாள். பல்கலைக்கழகத்தில் மாற்ற வேறொரு அன்ராக், அதாவது விண்ணப்பம், நிரப்ப வேண்டும், ஆறுதலாகச் செய்வோம் என்று விட்டுவிட்டாள். பிறகு பேராசிரியரிடம் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தபோது புதுக் கடவுச்சீட்டைக் கொடுத்தாள். மாணவர் வேலைக்குச் சேர்ந்தாலும் ஆளுக்கு ஒரே கணக்குத்தான் என்பது அங்கே விதி. ஆனால் இந்தப் பெயரில் மாணவி யாரும் இல்லையே. ஆகவே புது ஆள், புது நம்பர், புது அலுமாரி.

"புது நம்பர் தந்தவை, பழசு தானாச் செத்துப்போகும் எண்டு நினைச்சன்," என்றாள் மிதுசா.

பழசு சாகவில்லை. மடிக்கணினி தானாகவே பழைய கணக்குக்குள் போய்க்கொண்டிருந்தது. போத்தல்கள் அங்கே அடுக்கிக் கிடந்தன. வலைப்பக்கம் புதுக் கணக்குக்குள் போனது, அங்கே வெறும் தட்டு. இரண்டு பேரும் உண்மைதான் சொல்லியிருக்கிறார்கள். இதில் என் மனைவியின் முகத்தை வெளிற வைத்தது வேறொன்று. பதிவேட்டில் பத்து மாதத்துக்கு முன் யாரோ எழுதிய குறிப்பு இருந்தது. ஒரே பிறந்த நாள், ஒரே முகவரி, பெயர்கள் மாறி இருக்கின்றன, சரிபார்க்கப்பட்டது: இரட்டையர்.

"எங்கட ஆக்கள்தான் பிழை விட்டது," என்றாள். பிறகு தொலைபேசிக்கு அருகில் குனிந்தாள். "பிள்ளை, நானும் பாத்திருக்க வேணும். எனக்கு எங்கட பேர்ச் சிக்கல் தெரியாதோ. நம்பரைச் சொல்லு எண்டு காலமையே கேட்டிருந்தால் முடிஞ்சிருக்கும். உன்னைப் பொய் சொல்லுறாய் எண்டு வேற சொல்லிப்போட்டன். என்னிலதான் பிழை."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஒன்பது வருடம் காத்திருந்த சொல், அது எனக்கு வராமல் சிசிலி அக்காவின் மகளுக்குப் போகிறது. பொறாமையாகத்தான் இருந்தது, ஒளிப்பானேன். ஆனால் அதை அவள் சொன்ன விதத்தில் எனக்கு அவளை அவ்வளவு பிடித்துப்போனது.

மணி பதினொன்று இருபது. இனி மிதுசா வலைப்பக்கத்தின் வழியாகப் புதுக் கணக்குக்குள் போய் எல்லா மொடியூலையும் திரும்ப இறக்க வேண்டும். அதில் ஒன்று பெரிய பூதம், இறங்க நேரம் எடுக்கும் என்றாள் பிறேமா. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு, போயிட்டு வாறன் என்று சொல்ல வாயெடுத்தேன். சிசிலி அக்கா என் கையைப் பிடித்தார்.

"அல்பேர்ட், செபமாலை சொல்லுவம். தனியச் சொல்ல எனக்கு நெஞ்சு அடிக்குது."

சிசிலி அக்கா பிடித்த கையை எடுக்க முடியாது, அது வைத்தியசாலையில் நூறு பேருக்குச் சோற்றுக் கிடாரம் தூக்குகிற கை. முழங்காலில் இருந்தேன். அவர் அருள்நிறை மரியே சொல்ல நான் மறுபாதியை ஒரு பக்க வாயால் சொன்னேன். மேலே மேசையில், தொலைபேசியில், மிதுசா சதவீதம் சொல்லிக்கொண்டிருந்தாள்: நாற்பது, நாற்பத்தொன்று. செபமாலையின் மூன்றாம் காரணிக்கத்தில், அதாவது மூன்றாம் பத்தில், மணி பதினொன்றரை தாண்டியது. என் அப்பரின் பெயரைப் பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் யாரோ கூப்பிட்டிருப்பார்கள்.

பதினொன்று நாற்பத்தாறுக்கு எல்லாம் இறங்கியது. மிதுசா சின்னதாக ஒரு சோதனை ஓட்டினாள், விழவில்லை. பெரிய வேலையை வரிசையில் போட்டாள். காத்திருக்கிறது என்று காட்டியது. பதினொன்று ஐம்பது, காத்திருக்கிறது. ஐம்பத்திரண்டு, காத்திருக்கிறது. பிறேமா நகத்தைக் கடிக்கிறதை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். சிசிலி அக்கா செபத்தை நிறுத்தவில்லை, வேகத்தை மட்டும் கூட்டினார்.

"ஓடுது," என்றாள் மிதுசா. "அன்ரி, ஓடத் தொடங்கீட்டுது." மணி பதினொன்று ஐம்பத்தைந்து.

பிறகு அழுகைச் சத்தம்தான் கேட்டது, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். சிசிலி அக்கா மெழுகுதிரியை அணைத்துவிட்டு, "அந்தோனிப்பிள்ளை எண்ட பேரிலதானே இவ்வளவு நாளும் அந்தோனியார் பத்திரமா வைச்சிருந்தவர், பாத்தியோ," என்றார். வேறு நாளென்றால் பிறேமா அதற்கு ஒரு மணித்தியாலம் பதில் சொல்லியிருப்பாள். அன்றைக்கு ஒரு றோல்ஸை எடுத்துக் கடித்தாள்.

பின்னேரம் அவள் அந்த ரிக்கற்றை மூடியபோது நான் பின்னால் நின்றேன். சுட்டி கொஞ்ச நேரம் அலைந்தது. பிறகு நடுக் கட்டத்தில் குறித்தாள். நிலையத்தின் பிழை. கீழே விளக்கத்தில், இவர்கள் இரட்டையர் அல்லர், ஒரே ஆள், பெயரின் முன்பின் தெரியாமல் நாங்கள் இரண்டாகப் பதிந்துவிட்டோம் என்று எழுதினாள். அவள் மேலதிகாரி உடனே கேட்டிருக்கிறார், இப்படி எழுதித்தான் ஆக வேண்டுமா, பயனரும் விண்ணப்பம் கொடுக்கவில்லைதானே என்று. எழுதித்தான் ஆக வேண்டும் என்று பதில் போட்டாள். மறுநாள் நிலையத்துக்குப் போய் அதை அச்சடித்து முத்திரையும் வாங்கி வைத்தாள். எனக்கு அப்போது அது வீம்பாகப் பட்டது.

வெள்ளி காலை ஏழேகாலுக்கு வேலை முடிந்தது என்று மிதுசா செய்தி அனுப்பினாள். சனி ஞாயிறு இருந்து எழுதி முடித்தாள்.

செவ்வாய்க்கிழமை பிறேமா லீவு எடுத்தாள். ரிக்கற் இல்லாமல் சொந்தப் புருசனுக்கே உதவாதவள், மிதுசாவோடு பரீட்சை அலுவலகத்துக்குப் போகிறேன் என்றாள். கன்னம் இன்னும் வற்றாத நானும் கூடப் போனேன். யன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் ஆய்வேட்டின் அட்டையைப் பார்த்தாள், கடவுச்சீட்டைப் பார்த்தாள், தன் திரையைப் பார்த்தாள்.

"இந்தத் தலைப்பு ஃபிறவு மிதுசாவின் பெயரில் பதிவாகியிருக்கிறது. நீங்கள் ஃபிறவு அந்தோனிப்பிள்ளை. அவருடைய ஆய்வேட்டை உங்கள் பெயரில் நான் வாங்க முடியாது."

"நான்தான் அவர்," என்றாள் மிதுசா.

"உங்கள் சகோதரி நேரில் வர வேண்டும். பன்னிரண்டு மணிக்கு மூடுகிறோம்."

பிறேமா கைப்பையைத் திறந்து அந்தத் தாளை எடுத்து யன்னலுக்குக் கீழால் தள்ளினாள். அந்தப் பெண் முத்திரையைப் பார்த்தாள். நிலையத்தின் பிழை என்ற வரியைப் பார்த்தாள். அதை இரண்டாம் தரம் வாசித்தாள். இந்த நாட்டில் ஒரு அலுவலகம் பிழை தங்களுடையது என்று எழுதி முத்திரை குத்திய தாளை அவளும் முதல்முறை பார்க்கிறாள் போலிருந்தது.

"நீங்கள் யார்?" என்று பிறேமாவைக் கேட்டாள்.

"அந்தப் பிழையை விட்ட ஆட்கள்," என்றாள் பிறேமா.

அந்தப் பெண் தாளைப் பிரதி எடுத்தாள். பிறகு ஆய்வேட்டை இழுத்து, முதற் பக்கத்தில் திகதி முத்திரையைக் குத்தினாள். அந்தச் சத்தம் நடை முழுக்கக் கேட்டது.

வெளியில் வந்து ட்ராமில் ஏறியதும் மிதுசா பிறேமாவின் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். நான் எதிரே இருந்தேன். மனம் நிறைந்துதான் இருந்தது, பல் மட்டும் விண் விண் என்று தெறித்தது. பல் வைத்தியரிடம் திரும்பக் கேட்டதற்கு மூன்று கிழமைக்குப் பிறகுதான் இடம் என்றிருந்தார்கள்.

"உம்மட நாப்பத்தேழு மொடியூலாலதான் என்ர ரெர்மின் போனது," என்றேன். "அதுக்கு எந்தக் கட்டத்தில குறிக்கப் போறீர்?"

"நீங்கள் எந்தப் பேரில திரும்பக் கேட்டனீங்கள்?"

"என்ர பேரிலதான். அல்பேர்ட்."

"பயனர் பிழை," என்றாள். "இண்டைக்குக் காலமை நான் உங்கட அப்பரின்ர பேரில கேட்டனான். அவர் அண்டைக்கு வராதபடியால் அவையே தேடிக்கொண்டு இருந்தவையாம். நாளைக்குப் பத்து மணிக்குச் சவிரிமுத்துவுக்கு இடம் வைச்சிருக்கினம்."

"அதை ஏன் நீர் காலமையே சொல்லேல்லை?"

அவள் என் தாடையில் கட்டியிருந்த சால்வையின் முடிச்சை அவிழ்த்து இறுக்கிக் கட்டிவிட்டாள்.

"நீங்கள் ரிக்கற் போடேல்லையே," என்றாள்.